பாலாற்று முகத்துவாரத்தில் வாயலூர்

நந்திமலைப் பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் கடந்து வரும் பாலாறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்த சிற்றூர் வாயலூர். ஒருபுறம் வெண்மணல் பரந்த ஆறு, கிழக்கே கடல், இடையே பனைகள். இவ்வெழிலைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். ஊரின் பழமையை அறிந்தோர் சிலரே.

அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை நடத்திய அகழாய்வில் உறைகிணறுகளும், செங்கல் தொட்டிகளும், ரோமானியர் மதுவைக் கொணர்ந்த கூர்ங்குடங்களின் ஓடுகளும் வெளிப்பட்டன. பெரும்பாணாற்றுப்படை கூறும் நீர்ப்பெயற்றுத் துறைமுகம் இதுவே என்பார் அறிஞர் இரா. நாகசாமி, மாமல்லபுரமே என்பாரும் உளர். எதுவாயினும், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இவ்வாற்று முகம் மேலை நாட்டுச் சரக்கைக் கண்டது என்பதில் ஐயமில்லை.

வாயலூர் வியாக்ரபுரீசுவரர் கோயில் தூணொன்றில் இராசசிம்ம பல்லவன் தன் குலமுறையைப் பொறித்துள்ளான். பிரமன் முதல் தன் வரை ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள்! பல்லவர் வரலாறு எழுதுவோர்க்கு இத்தூண் பெருந்துணை. ஆனால் தூணைச் செதுக்கியவன் பெயரோ, கல்லைச் சுமந்தவன் பெயரோ அதில் இல்லை.

வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டு முதல் டச்சுக்காரர் துணி வாணிபம் செய்தனர். அக்கடலில் 17-2-1782 அன்று பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் பொருதன. டச்சுக் கோட்டை இன்று தொல்லியல் காவலில் உள்ளது. நெய்தோர் கதையை அங்குள்ள கல்லறைகள் கூறா.

நம்மவர் ஏட்டில் இல்லையா எனின், இருக்கின்றனர். இருந்த விதந்தான் வேறு. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகளில், வரி நீங்கிய இடங்களின் வரிசையில் சுடுகாட்டோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் குறிக்கப்பட்டுள்ளன. ஆள் பெயரில்லை, சேரியின் பெயர் மட்டுமே!

நம் மாவட்டத்து வரலாற்றில் நாம் தவறாது படிக்க வேண்டிய ஏடு மற்றொன்று உண்டு. செங்கற்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலைகுறித்து அரசுக்கு அனுப்பிய அறிக்கையே அது. அதன் பயனாய் 1892-இல் நிலம் வழங்க ஆணை பிறந்தது. பத்தாண்டு வரை விற்கலாகாது. பின்னரும் பிற சாதியார்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என வழங்குவது இதுவே. அந்நிலங்களிற் பல பிறர் கைக்குச் சென்றன.

இளைஞர்காள், தூணைக் காணச் செல்லுங்கள். திரும்பும் வழியில் வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டையும், பழைய செட்டில்மெண்டுப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். எந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே 'டி.சி.' நிலம் என்ற குறிப்பு உள்ளதெனக் குறித்து வாருங்கள்.