கோர்வை

கோர்வை என்பது கருநாடக இசையில் ஒரு பகுதியை நிறைவுசெய்து, பாட்டின் எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில், பிசகாமல் கொண்டுவந்து சேர்க்கும் லயக் கணக்கு. மிருதங்கம், தவில், கஞ்சிரா, கடம் வாசிப்பவர்கள் இதை வாசிக்கிறார்கள். கற்பனாஸ்வரத்தின் முடிவில் பாடகர்களும் பாடுகிறார்கள். பெரும்பாலான கோர்வைகள் இரண்டு பகுதிகள் கொண்டவை: முன்பகுதி பூர்வாங்கம், பின்பகுதி உத்தராங்கம். உத்தராங்கத்தில் பெரும்பாலும் ஒரே சொல் (சொற்கட்டு) மூன்று முறை வரும்.

கேட்பவர் மனத்தில் கோர்வை என்ன செய்கிறது என்பதை அறிய, கையில் தாளம் போட்டுக்கொண்டு ஒன்றைச் சொல்லிப் பார்ப்பதே நல்ல வழி. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல்கள், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. சதுஸ்ர நடையில் எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வீதம் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32 மாத்திரை. இப்போது சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், தொடங்கி, தகதிமிதகிட (7), ஒரு மாத்திரை கார்வை (இடைவெளி), தகதகிட (5), மறுபடி ஒரு மாத்திரை கார்வை, தகிட (3). இதுவரை 17 மாத்திரை. சொல் குறுகிக்கொண்டே வருவதால் இந்த அமைப்புக்குக் கோபுச்ச யதி, அதாவது பசுவின் வால், என்று பெயர். தொடர்ந்து இடைவெளி இல்லாமல் ததிகிணதொம் மூன்று முறை, 15 மாத்திரை. மொத்தம் 32.

கூட்டல் எளிது. காதில் நடப்பதுதான் விசேஷம். முதல் ததிகிணதொம், ஐந்தாம் எண்ணிக்கையின் தட்டு விழுந்து ஒரு மாத்திரை தள்ளித் தொடங்குகிறது. இரண்டாவது, ஆறாம் எண்ணிக்கையிலிருந்து இரண்டு மாத்திரை தள்ளி. மூன்றாவது, ஏழாம் எண்ணிக்கையிலிருந்து மூன்று மாத்திரை தள்ளி. கை நான்கு நான்காக நடக்கிறது, சொல் ஐந்து ஐந்தாக நடக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் இடையே இடைவெளி ஒரு மாத்திரை கூடுகிறது. நான்காவது முறை தொடங்கியிருக்க வேண்டிய இடத்தில் அந்த விலகல் முழு எண்ணிக்கையாகிவிடுவதால் இரண்டும் சமத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. தாளம் போட்டபடி கேட்பவருக்கு உடம்பு முழுதும் சிலிர்ப்பது அந்த இடத்தில்தான். என் கணிப்பில், அந்த இறுக்கம் மேடையில் மட்டும் பிறப்பதில்லை; ரசிகரின் கைக்கும் காதுக்கும் நடுவில் பிறக்கிறது. கை நிதானமாகப் போய்க்கொண்டிருப்பதால்தான் சொல் விலகுவது தெரிகிறது.

ஏன் மூன்று முறை? முதல் முறை சொல் அறிமுகமாகிறது, இரண்டாம் முறை அடையாளம் தெரிகிறது. மூன்றாம் முறை வரும்போது அது முடியப்போகும் இடத்தைக் கேட்பவரே முன்கூட்டி அறிந்து, அங்கே போய்க் காத்திருக்கிறார். இசை தரும் உணர்ச்சி எதிர்பார்ப்பிலிருந்தும் அது தாமதப்படுவதிலிருந்தும் எழுகிறது என்று அமெரிக்க இசையியலாளர் லெனார்ட் மேயர் 1956-இல் எழுதிய நூலில் வாதிட்டார். அவர் மேற்கத்திய இசையை முன்வைத்துப் பேசினாலும், கோர்வைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

எல்லாப் பாட்டும் சமத்தில் எடுப்பதில்லை. எடுப்பு அரை இடமானால், அதாவது சமத்துக்கு இரண்டு மாத்திரை தள்ளி இருந்தால், மேற்சொன்ன கோர்வை 34 மாத்திரையாக நீள வேண்டும். அதற்கு ததிகிணதொம்களின் நடுவே இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை விட்டால் போதும். இரண்டே மாத்திரை மௌனம்தான், ஆனால் கோர்வையின் குணமே மாறிவிடும்: முன்பு துரத்தியது இப்போது மூச்சு வாங்கி நடக்கும்.

திரும்பச் சொல்லுதல் பாட்டிலும் உண்டு. தியாகராஜர் (1767–1847) கீர்த்தனைகளில் ஒரே வரி சங்கதி சங்கதியாக, அதாவது ஒவ்வொரு முறையும் புது மெருகோடு, விரிகிறது. அங்கே வளர்வது ராகம், கோர்வையில் வளர்வது கணக்கு.

கோர்வைக் கலை முழுதாக வெளிப்படும் இடம், கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். இரண்டு வாத்தியங்கள் இருந்தால் ஒருவர் வாசித்த அளவை மற்றவர் வாசித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள், இது குறைப்பு. பிறகு சேர்ந்து வாசித்து, மோரா என்னும் முடிப்பை வைத்து, கடைசியில் பெரிய கோர்வையை மூன்று முறை வாசிப்பார்கள். கஞ்சிராவை மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை, அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை வழிவந்த புதுக்கோட்டைப் பாணி கணக்குக்குப் பேர்போனது. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியும் இக்கலையின் சிகரங்கள். ஆனாலும் கணக்கு சரியாக இருப்பதால் மட்டும் கோர்வை நன்றாகிவிடாது. பாட்டின் காலப்பிரமாணத்துக்கும் (வேகத்துக்கும்) ராகத்தின் மனநிலைக்கும் ஒவ்வாத கோர்வை, மிகச் சரியாக முடிந்தாலும் பாட்டைக் காயப்படுத்திவிடும். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பாட்டுக்கு இசைவாக வாசித்ததற்காகவே இன்றும் போற்றப்படுகிறார்.

இந்துஸ்தானி இசையில் இதற்கு இணையானது திஹாய். அதன் கடைசி அடி சமத்தின் மேலேயே விழும். கோர்வையில் கடைசித் 'தொம்' எடுப்புக்குச் சற்று முன்பே முடிந்துவிடுகிறது. எடுப்பில் விழுவது பாடகரின் குரல்.