வீடு தேடிச் சென்ற பள்ளி

செம்பரம்பாக்கம் என்றதும் அங்குள்ள பேரேரியே நம் நினைவிற்கு வரும். வடகிழக்குப் பருவமழையால் அவ்வேரி நிரம்புங் காலமே, பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நெருங்குங் காலமுமாகும். அதனை அடுத்துத் தைத் திங்களில் அறுவடை வரும். மழையும் தேர்வும் வயல் வேலையும் ஒன்றையொன்று நெருக்கும் இப்பருவத்தில், பள்ளியின் செய்தி வீட்டிற்கும், வீட்டின் நிலை பள்ளிக்கும் எட்டாவிடின் பிள்ளையின் படிப்பே நின்றுவிடக்கூடும். இச்செய்தித் தொடர்பு நம் நாட்டில் எவ்வாறு நிகழ்ந்து வந்தது என்பதைச் சிறிது காண்போம்.

சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமசு மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமை அக்கணக்கால் தெரிய வந்தது. அவற்றுட் பல திண்ணைப் பள்ளிகள். ஆசிரியரின் திங்கள் வருவாய் ஆறேழு ரூபாயைத் தாண்டுவது அரிது என மன்றோ குறித்தார். அவ்வருவாயைத் தந்தோர் பெற்றோரே. ஆதலின், பிள்ளை கற்றதை அவர்க்குக் காட்டும் கடமை ஆசிரியர்க்கு இருந்தது. திண்ணையில் ஓதும் குரல் தெருவெங்கும் கேட்கும். நவராத்திரி வந்ததும் ஆசிரியர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு வீடுவீடாகச் செல்வார். பிள்ளைகள் கோலாட்டம் ஆடிப் பாடுவர். வீட்டார் மகிழ்ந்து பொருள் வழங்குவர். மழைக்காலத்திற்கு முன் பள்ளியே வீடு தேடிச் சென்ற காட்சி அது. எனினும், அப்பள்ளிகளில் பெண்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் பெரும்பாலும் இடம்பெறவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் அரசின் கல்வித்துறை வளர்ந்தது. மதிப்பெண் அட்டை வந்தது. அதில் தந்தையார் கையெழுத்திட வேண்டும். ஆனால் 1951ஆம் ஆண்டில் தமிழகத்தில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே எழுத்தறிந்தவர். படிக்கத் தெரியாத வீட்டிற்கு எழுதியனுப்பும் செய்தியால் யாது பயன்? அட்டை வீடு சேர்ந்தது. அதன் பொருள் சேரவில்லை.

இக்குறையை உணர்ந்தவருள் ஒருவர், காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்திற் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு ஆவார். அவர் பொதுக்கல்வி இயக்குநராயிருந்த காலத்தில், முதலமைச்சர் காமராசரின் ஆதரவோடு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. அதற்கான முதல் முயற்சி 1958ஆம் ஆண்டில், திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில் நிகழ்ந்தது. கூரை, கரும்பலகை, கடிகாரம், குடிநீர் என ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டுவனவற்றை ஆசிரியர் பட்டியலிட்டு, ஊரார் முன் எடுத்துரைத்தனர். ஊரார் பணமாகவும் பொருளாகவும் உடலுழைப்பாகவும் வழங்கினர். பள்ளியின் குறையைக் காதாற் கேட்டபின், அது தங்கள் பள்ளி என மக்கள் கருதினர். மறைக்காமற் சொன்னதே அம்மாநாடுகளின் வலிமை.

2015ஆம் ஆண்டு மழை இவ்வுறவைக் கடுமையாகச் சோதித்தது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை வீடுகள் நீரில் மூழ்கின. பாடநூல்களும் சான்றிதழ்களும் அழிந்தன. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிற் பள்ளிகள் பல வாரங்கள் மூடிக் கிடந்தன. வெள்ளம் பாதித்த இடங்களில் அரையாண்டுத் தேர்வு 2016 சனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இழந்த நூல்கள் மீண்டும் வழங்கப்பட்டன. சான்றிதழ்களுக்கெனத் தனி முகாம்கள் நடத்தப்பட்டன. பள்ளி எந்நாள் திறக்கும், தேர்வு எப்பொழுது, நூலை எங்கே பெறுவது என்னும் மூன்று செய்திகளும் அக்குடும்பங்களுக்கு உணவுக்கு அடுத்த தேவையாயின. புகலிடத்தில் தங்கியிருக்கும் தாய்க்கு அச்செய்தி உரிய நாளில் எட்டாவிடின், நூலும் முகாமும் இருந்தும் அவள் பிள்ளைக்குப் பயனில்லை.

2010ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்கிறது. கடம்பத்தூரில் ஊரார் விரும்பிச் செய்ததை இச்சட்டம் உரிமையாக்கியது.

மாணவர்களே! திண்ணைக் காலம் முதல் இன்று வரை, பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே நாள்தோறும் நடந்து செல்லும் தூதர் நீங்களே. அலைபேசியில் அறிவிப்பு வந்தாலும், அதனைப் படித்துப் பொருள் சொல்ல ஒருவர் தேவைப்படும் இல்லங்கள் இன்றும் பல உண்டு. தேர்வு நாளையும் ஆசிரியர் கூறியதையும் உள்ளவாறே பெற்றோர்க்கு உரையுங்கள். வீட்டில் இடர் நேர்ந்தால் அதனை ஆசிரியர்க்கு உரையுங்கள். அடுத்த மழை வருமுன் அப்பழக்கம் உங்களிடம் வேரூன்றட்டும்.