மாட்டாஸ்பத்திரியில் அணிலுக்கு என்ன வேலை?

நம்ம ஊர்ப்பக்கம் 'கால்நடை மருத்துவமனை'ங்கிறது போர்டுல மட்டும்தான் இருக்கும். வாயில வர்றது மாட்டாஸ்பத்திரிதான். நாய்க்குட்டியைத் தூக்கிட்டுப் போறவங்ககூட "மாட்டாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்"னுதான் சொல்லுவாங்க. சும்மா பேச்சுவழக்குன்னு நினைச்சிருந்தேன். கொஞ்சம் தோண்டிப் பார்த்தா, இந்த ஒரு வார்த்தைக்குள்ள பெரிய வரலாறே இருக்கு.

'கால்நடை'ன்னு சொன்னா ஆடு, மாடு ஞாபகம் வரும். அணிலும் நாலு காலாலதான் ஓடுது, ஆனா அதை யாரும் கால்நடைன்னு சொல்றதில்ல. 'வெட்டரினரி'ங்கிற வார்த்தையும் லத்தீன்ல பொதி சுமக்குற விலங்கைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்ததுதான். ஆக, ரெண்டு பக்கமும் வேலை செய்யுற, வருமானம் தர்ற பிராணிக்குத்தான் டாக்டர். சும்மா மரத்துல ஏறி இறங்குற ஜீவனுக்கு?

இது எப்பவுமே இப்படித்தான் இருந்துதான்னு கேட்டா, இல்லங்க. அசோகர் தன்னோட இரண்டாம் பாறைக் கல்வெட்டுல மனுஷனுக்கும் விலங்குக்குமா ரெண்டு வித சிகிச்சைக்கு ஏற்பாடு செஞ்சதா சொல்றார். தன் ராஜ்ஜியத்துக்குள்ள மட்டும் இல்ல, எல்லைக்கு வெளியில இருந்த சோழர், பாண்டியர் நாடுகள்லயும். மூலிகை கிடைக்காத இடங்களுக்குக் கொண்டுபோய் நட வச்சதாவும் அதுல இருக்கு. அதைவிட சுவாரசியமானது அவரோட ஐந்தாம் தூண் கல்வெட்டு. பட்டம் சூட்டி 26 வருஷம் ஆனப்போ, கொல்லக்கூடாத உயிர்களுக்கு ஒரு பட்டியல் போடுறார். கிளி, மைனா, வௌவால், ஆமைன்னு போற அந்தப் பட்டியல்ல ஒரு சொல்லை 'அணில்'னு மொழிபெயர்க்கிறாங்க. கடைசியில ஒரு பொது விதி: எதுக்கும் பயன்படாத, யாரும் சாப்பிடாத நாலுகால் பிராணிகள் எல்லாமே இதுல அடக்கம். எங்க பாஷையில சொன்னா, எட்ஜ் கேஸ் எல்லாத்தையும் ஒரே வரியில கவர் பண்ணிட்டார் மனுஷன் :-)

இலங்கையில நாலாம் நூற்றாண்டு மன்னன் புத்ததாசன் வைத்தியம் தெரிஞ்ச ராஜா. வயித்துல கட்டியோட தவிச்ச ஒரு பாம்புக்கு அவனே கத்தி எடுத்து அறுவை சிகிச்சை பண்ணினதா அங்கத்திய வம்ச நூல் சொல்லுது. நடந்துச்சோ இல்லையோ, ஒரு நல்ல ராஜாவுக்கு அடையாளமா அந்தக் காலத்துல எதைச் சொல்லியிருக்காங்கன்னு பாருங்க. நம்ம தஞ்சாவூர்ல இரண்டாம் சரபோஜியின் (1798-1832) தன்வந்திரி மகால்லயும் மனுஷங்களோட சேர்த்து விலங்குகளுக்கும் மருந்து தயாரிச்சிருக்காங்க.

அப்புறம் கதை எங்க திரும்புச்சு? ஒரே ஒரு நோய். ரிண்டர்பெஸ்ட், அதாவது மாட்டுக் கொள்ளைநோய். ஐரோப்பாவுல இது மாடுகளை வாரிக்கிட்டுப் போன காலத்துலதான் 1761ல பிரான்சு நாட்டு லியோன் நகரத்துல முதல் கால்நடை மருத்துவப் பள்ளி உருவாச்சு. இங்கயும் அதே கதை. பிரிட்டிஷ் அரசு கமிஷன் போட்டு 1871ல அறிக்கை வந்துச்சு. 1889ல புனேயில ஒரு ஆய்வுக்கூடம், 1893ல அது இமயமலைப்பக்கம் முக்தேஸ்வருக்குப் போச்சு. 1903 அக்டோபர் 1ல சென்னை வேப்பேரி 'டாபின் ஹால்' கட்டடத்துல 20 மாணவர்களோட மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பம். 1932ல ராணிப்பேட்டையில தடுப்பு மருந்து நிலையம். மெட்ராஸ் கல்லூரி 1936ல பல்கலைக்கழகத்தோட இணைஞ்சப்போ, இந்தியாவுலேயே அப்படி இணைஞ்ச முதல் கால்நடைக் கல்லூரி அதுதான். 1989ல நாட்டுலேயே முதல் கால்நடைப் பல்கலைக்கழகமும் நம்மகிட்டதான்.

இதைக் குறையா சொல்லலை. ஏர் மாடு செத்தா அந்தக் குடும்பமே படுத்துடும்ங்கிற காலம். 1995க்கு அப்புறம் இந்தியாவுல ரிண்டர்பெஸ்ட் வரவே இல்ல. 2011ல உலகத்தை விட்டே ஒழிஞ்சதா அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அடுத்து மனுஷன் அடியோட ஒழிச்ச நோய் இது ஒண்ணுதான். ரெக்வயர்மென்ட் 'மாட்டைக் காப்பாத்து'. சிஸ்டம் அதைப் பக்காவா செஞ்சுது. அந்த ரெக்வயர்மென்ட்ல அணில் இல்ல, அவ்வளவுதான்.

சரி, இப்ப நெய்வேலிக்கு வருவோம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், கண்டுக்காதீங்க.

1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டினப்போ கறுப்பா ஏதோ வந்ததுல ஆரம்பிச்ச ஊர் எங்களுது. 1956ல நிறுவனம், 1957 மே 20ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார், 1961 ஆகஸ்ட்ல பழுப்பு நிலக்கரி கண்ணுல பட்டுச்சு. ஒரு பக்கம் பூமியைக் கிழிச்சுக்கிட்டே இருக்க, இன்னொரு பக்கம் டவுன்ஷிப் முழுக்க மரமா நட்டாங்க. பிளாக் பிளாக்கா வீடு, வீட்டுக்கு வீடு தோட்டம், வேம்பு, கொய்யா, மா. அணிலுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

எனக்குப் பத்து வயசு இருக்கும். பேய்க்காத்து அடிச்ச மறுநாள், பக்கத்து வீட்டு அக்கா ஒரு அணில் குஞ்சைப் பஞ்சுல வச்சு எடுத்துட்டு வந்தாங்க. மூச்சு விடும்போது 'கிர்ர்'னு சத்தம். ரெண்டு பேரும் டவுன்ஷிப்புக்கு வெளிய ஒரு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். கன்னு ஈன முடியாம கிடந்த பசுவைப் பார்த்துட்டு அப்பதான் வந்து கை கழுவிட்டிருந்தார் டாக்டர். எங்களைத் திட்டல, சிரிக்கல. உள்ளங்கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, எங்கிட்ட இருக்குற சின்ன ஊசியே இதோட கையை விடப் பெருசு. மருந்து இருக்கு. எவ்வளவு குடுக்கணும்னுதான் எனக்குத் தெரியாது"ன்னார்.

வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வைக்கச் சொன்னார். காசு வாங்கல. குஞ்சு மூணாவது நாள் ராத்திரி போயிடுச்சு.

அவர் சொன்னது எவ்வளவு நேர்மையான பதில்னு பின்னாடிதான் புரிஞ்சுது. மாடு 300 கிலோ, அணில் 100 கிராம். வித்தியாசம் 3000 மடங்கு. அப்ப மருந்தையும் 3000ஆல வகுத்துடலாமா? முடியாது. சின்ன உடம்பு, கிராமுக்கு கிராம் பார்த்தா, ரொம்ப வேகமா எரியும். 1932ல (ராணிப்பேட்டை நிலையம் வந்த அதே வருஷம்!) மாக்ஸ் கிளைபர்ங்கிற விஞ்ஞானி, உடம்போட எரிசக்தித் தேவை எடையின் முக்கால் அடுக்குல கூடுதுன்னு கண்டுபிடிச்சார். அதன்படி பார்த்தா மாட்டுக்கும் அணிலுக்கும் வித்தியாசம் சுமார் 400 மடங்குதான். 3000க்கும் 400க்கும் நடுவுல ஏழு மடங்குக்கு மேல இடைவெளி. அதோட, சில ஆன்டிபயாடிக் மாட்டுக்கு நல்லது, கினி எலி மாதிரி கொறிக்கிற பிராணிக்குக் குடலையே கெடுத்துடும். இதெல்லாம் ஒவ்வொரு இனத்துக்கும் தனியா யாராவது உட்கார்ந்து படிச்சு எழுதினாத்தான் உண்டு. பால் கறக்காத பிராணிக்கு யார் உட்காருவாங்க?

உட்கார்ந்தவங்களும் இருக்காங்க. 1959ல சென்னையில விமானி கேப்டன் சுந்தரம் ப்ளூ கிராஸை ஆரம்பிச்சப்போ, எந்த வரவு செலவுக் கணக்குலயும் வராத தெருநாய்களுக்காகத்தான் முதல்ல நின்னார். அதுக்கும் முன்னாடி, நெய்வேலிக்குப் பக்கத்துலயே வடலூர்ல, வள்ளலார் 1867ல சத்திய தருமச்சாலையைத் தொடங்கி ஜீவகாருண்யம் பேசினார். நாலே வருஷம் கழிச்சு அந்த மாட்டு நோய் அறிக்கை வருது. ஒரே காலம், ரெண்டு கேள்வி. 'எந்த உயிரால நமக்கு நஷ்டம்?'னு ஒண்ணு. 'எந்த உயிருக்கு வலிக்குது?'ன்னு இன்னொண்ணு. முதல் கேள்விக்குக் கல்லூரி, ஆய்வுக்கூடம், பட்ஜெட் எல்லாம் கிடைச்சுது. ரெண்டாவது பெரும்பாலும் நல்ல மனசுக்காரங்க கையிலயே நின்னுபோச்சு.

உங்க வீட்டு வாசல்ல குஞ்சு விழுந்தா: முதல்ல சூடு, அப்புறம்தான் சாப்பாடு. குளிர்ந்த உடம்புக்கு எதுவும் செரிக்காது. பசும்பால் வேண்டாம், பேதியாகும். நாய்க்குட்டிக்கான பால் பவுடர் பரவாயில்லை. குப்புற வச்சு சொட்டுச் சொட்டா குடுங்க, மூக்குல ஏறினா நிமோனியா. வளர்ந்தப்புறம் வேர்க்கடலை, பிஸ்கட்டாவே போட்டா கால்சியம் இல்லாம எலும்பு வளைஞ்சுடும். மருந்து மட்டும் நீங்களா குடுக்காதீங்க. குணமானா மரத்துக்கே விட்டுடுங்க, அது காட்டுயிர்.

உங்க ஊர் மாட்டாஸ்பத்திரியில அணில், கிளி, ஓணான்னு எதைக் கொண்டு போனாலும் பார்க்கிற டாக்டர் யாராவது இருந்தா ஊர் பேரோட சொல்லுங்க. ஒரு பட்டியல் போட்டு வச்சா, அடுத்த பேய்க்காத்துக்கு யாருக்காவது உதவும்.