கும்பினியார் வைத்த கிராம்புத் தோட்டம்

தாம்பூலச் சுருள் பிரியாமல் குத்தி வைப்பது கிராம்பு. குழந்தைக்கு வயிறு மந்தம் என்றால் பாட்டி கல்லில் இழைப்பது ஜாதிக்காய். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய காலத்திலேயே இலவங்கமும் சாதியும் நம்மவர் வாயை மணக்க வைத்தன. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: இரண்டுக்கும் உரிய மரங்கள் அப்போது இந்த மண்ணில் இல்லை. கப்பலேறி வந்த சரக்கையே நாம் மென்றுகொண்டிருந்தோம். அந்த மரங்கள் நம் நாட்டில் வேரூன்றிய கதை குற்றாலத்தில் தொடங்குகிறது.

கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் பிறந்த வீடு, கீழ்க்கடலில் உள்ள மொலுக்காஸ் தீவுகள். அங்கே டச்சுக்காரர்கள் செய்த அட்டூழியத்தை நினைத்தால் வாயில் போட்ட கிராம்பு கசக்கும். 1621-இல் ஜாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளைப் பிடித்தார்கள். தீவு மக்களில் பெரும்பாலோர் மாண்டார்கள், அல்லது அடிமைகளானார்கள். கிராம்பு மரம் அம்போயினாவைச் சுற்றி மட்டும் இருக்கலாம், வேறு தீவில் இருந்தால் வெட்டிவிடு என்பது உத்தரவு. ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் தோய்த்த பிறகே விற்றார்கள், யாரும் முளைக்கப் போட்டுவிடக் கூடாதே என்று! 1658 முதல் நம் தூத்துக்குடியிலும் இருந்தவர்கள் இவர்கள்தாம்.

1796-இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைக் கைப்பற்றினார்கள். என்றைக்கிருந்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்று அவர்களுக்குத் தெரியும். 1802-இல் அமியான் உடன்படிக்கைப்படி கொடுக்கவும் நேர்ந்தது. அதற்குள் கிறிஸ்டபர் ஸ்மித் என்ற தாவர நிபுணரைக் கொண்டு கன்றுகளை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றிவிட்டார்கள். 1800-ஐ ஒட்டிக் குற்றாலத்திலும் கும்பினியாரின் வாசனைப் பயிர்த் தோட்டம் எழுந்தது. இந்தியாவில் கிராம்பு பயிரான முதல் இடம் அதுதான்.

இடம் பார்த்தவர் கெட்டிக்காரர். கிராம்புக்கு ஈரமும் நிழலும் வேண்டும். கால் நனைந்துகொண்டே இருக்கக் கூடாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்து விழும் மலையடிவாரத்தில் இவ்வளவும் கிடைத்தன.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-இல் திருநெல்வேலிச் சீமை முழுவதும் கும்பினி வசமாயிற்று. ஒரு கையில் தூக்குக் கயிறு, மறு கையில் பூவாளி! ஜனங்கள் நன்றாக இருக்கட்டும் என்றா தோட்டம் போட்டார்கள்? டச்சுக்காரனின் ஏகபோகத்தை உடைத்துத் தங்கள் பெட்டியை நிரப்பத்தான்.

ஆனால் மரம் யாருடைய கணக்குப் புத்தகத்துக்கும் கட்டுப்படுவதில்லை. கிராம்பு விதையைச் சேமித்து வைக்க முடியாது. பழுத்ததை இரவு முழுவதும் நீரில் ஊறப்போட்டு, தோலை உரித்து உடனே நட வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் முளை செத்துவிடும். நட்ட பின் ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். நாம் வாங்கும் கிராம்பு விரியாத மொட்டு. பூக்க விட்டால் சரக்கு இல்லை. பறித்துவிட்டால் விதை இல்லை.

ஜாதிக்காய் இதைவிடச் சோதிக்கும். ஐந்தருவிப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம், "இதிலே எது காய்க்கும்?" என்று கேட்டேன். "பூத்தாத்தான் ஐயா தெரியும், ஆணா பொண்ணான்னு" என்றார். விதையிலிருந்து வந்த மரங்களில் சுமார் பாதி ஆண். ஆறேழு வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகே உண்மை வெளிப்படும். அதனால்தான் இப்போது பெண் மரத்தின் நேராக வளரும் கிளையிலிருந்து ஒட்டுக் கட்டுகிறார்கள். பக்கக் கிளையில் எடுத்தால் ஒட்டு நிமிராமல் புதர்போலப் படர்ந்துவிடும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதுமாம்!

குற்றாலத்தில் பலித்ததைப் பார்த்து, 1850-க்குப் பிறகு நீலகிரிச் சரிவுகளிலும் தென் திருவிதாங்கூர் மலைகளிலும் கிராம்பு பரவியது. 1858-இல் கும்பினி ஆட்சி போயிற்று, மரங்கள் போகவில்லை. இன்று கன்னியாகுமரிக் கிராம்பு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அந்த மலைகளில் மொட்டுப் பறித்துக் கூலி வாங்கும் குடும்பங்களை நினைக்கும்போது மரத்துக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. கொண்டுவந்தவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாண்டாவும் கயத்தாறும் குறுக்கே நிற்கின்றன.

அதே கீழைத் தீவுகளின் பக்கமிருந்து வந்த இன்னொரு விருந்தாளி மங்குஸ்தான். சீசனில் குற்றாலக் கடைத்தெருவில் குவிந்து கிடக்கும். வாங்கும்போது பழத்தை அடிப்புறம் திருப்பிப் பாருங்கள். அங்கே பூப்போன்ற வடுவில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இதில் ஆண், பெண் என்ற தொல்லை கிடையாது. மகரந்தம் இல்லாமலே விதை உண்டாவதால் கன்று தாயை அப்படியே உரித்து வைத்திருக்கும். தோட்டம் உள்ளவர்கள் பெரிய விதையாகப் பார்த்து, காயவிடாமல் அன்றைக்கே நிழலில் ஊன்றலாம். பழம் தின்ன எட்டுப் பத்து வருஷம் ஆகும். சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.