பாடு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் "இன்னிக்கு யாரு பாடு?" என்று ஒருவர் கேட்டால், யார் கஷ்டப்படுகிறார்கள் என்பதல்ல கேள்வி. இறால் வரத்துள்ள நீரிடத்தில் இன்று வலை கட்டும் முறை யாருடையது என்பதே. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்களின் பட்டினவ மீனவர்கள், முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களைத் தலைக்கட்டுக் கணக்கில் சுழற்சியாகப் பங்கிட்டுக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். செபாஸ்டியன் மேத்யூ இதை ஆராய்ந்து எழுதியதை ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 1991-இல் வெளியிட்டது. நியாயமான முறைதான், உள்ளே இருப்பவர்களுக்கு. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் இந்தச் சுழற்சிக்கு வெளியே.

படு என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு பாடு ஆகிறது. கெடு கேடானது போல, சுடு சூடானது போல. படுதல் என்றால் மேலே வந்து விழுதல், நேர்தல். வலையில் படுவது மீன்பாடு. துன்பம் வந்து விழுந்தால் அதுவும் பாடு. 'அது அவன் பாடு' என்னும்போது அவன் பங்கில் விழுந்த பொறுப்பு. ஏரியின் பாடு இந்தக் கடைசிக் கிளையில் முளைத்தது என்று நினைக்கிறேன்: இன்னாருக்கு இன்ன நாளில் விழுந்த இடம். இலங்கையில் கரைவலை இழுக்கும் கடற்கரைத் துண்டும் பாடுதான். பூநகரிப் பக்கம் வலைப்பாடு என்று ஓர் ஊரே உண்டு. கொச்சிக் காயலில் வலை கட்டுவோரிடமும் இதே சொல் புழங்குகிறது.

ஏரியில் தன் முறை வரக் காத்திருக்க வேண்டும். எனக்குச் சோறு போடுவது கணினி நிரல். அங்கும் காத்திருப்புதான் பெரிய தலைவலி. வங்கியின் கணினியிடம் இருப்பைக் கேட்டால் பதில் எப்போது வருமென்று தெரியாது. அதுவரை நிரல் கைகட்டி நிற்கவும் கூடாது. 1976-இல் டேனியல் ஃப்ரீட்மன், டேவிட் வைஸ் இருவரும் இன்னும் வந்துசேராத விடைக்கு 'பிராமிஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2015-இல் அது ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரவரையறைக்குள் வந்தது. விடை வராமலே அடுத்த செயற்பாட்டை 'தென்' (then) என்று அதில் கோத்துவிடலாம்: இருப்பு தெரிந்த பிற்பாடு கட்டணம், கட்டணம் போன பிற்பாடு ரசீது. கோக்கப்படும் செயற்பாடும் தன் பங்குக்கு ஒரு பிராமிஸைத் தரும். ஆனால் பிராமிஸுக்குள் பிராமிஸ் என்று பொதி பெருகாது, ஒன்றாய்க் கரைந்துவிடும். அதனால்தான் சங்கிலியை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்ட முடிகிறது. இதையொத்த சங்கிலிகளுக்கு 'மோனாட்' என்னும் கணிதச் சட்டகத்தை 1989-இல் யூஜீனியோ மோஜி பொருத்திக் காட்டினார்.

பிராமிஸைத் தமிழில் 'வாக்குறுதி' என்பது எனக்கு ஒப்பவில்லை. அதில் உறுதி இருக்கிறது, பிராமிஸில் இல்லை. நிறைவேறலாம், தவறலாம், கடைசிவரை தொங்கிக்கொண்டும் இருக்கலாம். பாடும் அப்படித்தான். நாளும் இடமும் நிச்சயம், இறால் நிச்சயமில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வரத்துக் குறைந்தாலும் முறை சுழன்று வந்து நிற்கும். வலைதான் வெறுமையாக எழும்.

பிராமிஸை 'ஏற்பாடு' என்பேன் நான். கடவுள் மனிதரோடு செய்த உடன்படிக்கைக்கே விவிலியத் தமிழ் அந்தச் சொல்லைத்தான் எடுத்தது. செயற்பாடு, ஏற்பாடு, பிற்பாடு: ஒரு சங்கிலிக்கு வேண்டிய மூன்றும் ஒரே வேரில் கிடைக்கின்றன. (செயல்பாடு என்று எழுதுவோரோடு எனக்குச் சண்டையில்லை, புணர்ச்சி இலக்கணம்தான் ற்-ஐக் கேட்கிறது.)

'தென்' போலவே பிராமிஸில் கோக்கும் 'கேட்ச்' (catch) ஒன்றுதான் உதைக்கிறது. அதற்குச் சொல் கேட்டால் கோட்டைக்குப்பத்தில் மீன்பாடு என்பார்கள். நிரலிலோ அது, போட்ட வலையில் ஒன்றும் படாத நேரத்துக்கென்று எழுதி வைக்கும் வரி.