நூலிற் பொதிந்த மருந்து

மருந்தை உண்பித்தலும் பூசுதலும் யாவரும் அறிந்த முறைகள். அதனை ஓர் இழையில் ஏற்றி, நோயுற்ற இடத்திலேயே சிறிது சிறிதாக இறங்கச் செய்தல் பிறிதொரு முறை. இஃது இக்காலத்தார் கண்ட புதுமை என்பாருளர். வரலாறோ வேறு கூறுகின்றது.

பவுத்திர நோய்க்குக் காரநூல் இடுதலைச் சுசுருத சங்கிதை கூறும். கி.பி. 11ஆம் நூற்றாண்டினரான சக்கரபாணிதத்தர் கள்ளிப்பாலும் மஞ்சளும் தோய்ந்த நூலை எடுத்துரைத்தார். பின்னர் அருகி வழங்கிய இம்முறையை 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்துப் பி. ஜே. தேஷ்பாண்டேயும் அவர்தம் குழுவினரும் மீட்டு வரையறை செய்தனர். கள்ளிப்பால் 11 முறை, கள்ளிப்பாலோடு நாயுருவிக் காரம் 7 முறை, கள்ளிப்பாலோடு மஞ்சள் 3 முறை. ஆக 21 பூச்சுகள். புரையினுள் இட்ட நூல் வாரந்தோறும் மாற்றப்படும். காரம் கெட்ட தசையை அரிக்கும்; மஞ்சள் புண்ணை ஆற்றும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஒப்பாய்வு 1991இல் வெளியாயிற்று. நோய் மீண்டவர் அறுவை முறையில் நூற்றுக்கு 11 பேர். நூல் முறையில் 4 பேர். ஆயின் புண் ஆறுதற்கு அறுவையில் 4 வாரமும் நூலில் 8 வாரமும் சென்றன. நன்மையும் குறையும் இவ்வாறு ஒருங்கே புலனாயின.

காரநூலில் மருந்து இழையின் புறத்தே படிந்துள்ளது. அதனை இழையின் உள்ளேயே பொதிதல் கூடுமோ? மின்விசையால் நூற்கும் முறை இதற்கு வழிசெய்தது. அன்றன் போர்மால்சு 1934இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மயிரிழையின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீற்றர். இம்முறையில் சில நூறு நானோமீற்றர் இழைகளும் நூற்கப்படுகின்றன. இழை ஊறியும் சிதைந்தும் போகுந்தோறும் உள்ளிருக்கும் மருந்து வெளிப்படும். விரைந்து கரையாதவாறு இழையின் மூலக்கூறுகளைப் பிணைத்து மாற்றியமைத்தலும் உண்டு.

இவ்விழைக்கு உகந்த பொருள்களுள் ஒன்று கைற்றோசான். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைற்றினை வன்காரத்திற் காய்ச்சி இது பெறப்படுகின்றது. கைற்றினை இவ்வாறு மாற்றலாம் என்று 1859இல் உரூசே கண்டார்.

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே கிடக்கும் மட்டக்களப்பு வாவி இறாலுக்குப் பெயர்பெற்றது. அதன் ஓட்டை நாம் கழிவென எறிகின்றோம். 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அறிவியற் பீடமும், அதன் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவக் கல்வியும் உள. வைத்தியர் அறிந்த சரக்கையும் வாவி தரும் ஓட்டையும் இவ்விரு துறையினரும் ஒருங்கிருந்து ஆராய்தல் வேண்டும். காரநூலை நிலைநிறுத்தியது அதன் பழமையன்று. 1991இல் அது நேர்நின்ற சோதனையே. நம்மவர் இழைக்கும் அத்தகைய சோதனையே உரைகல்லாகும்.