ஜனாதிபதி கேட்காத கேள்வி

1945, ஏப்ரல் 12. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்கிற சின்ன ஊர். ஓய்வெடுக்க வந்திருந்த ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், நாற்காலியில் அமர்ந்து காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பெண் ஓவியர் அவரை வரைந்துகொண்டிருந்தார். திடீரென, பின்மண்டை பயங்கரமாக வலிப்பதாகச் சொன்னார் ரூஸ்வெல்ட். அவ்வளவுதான்... அப்படியே சரிந்தார்!

ஓடி வந்த டாக்டர் பி.பி. பார்த்தார். 300/190! பிற்பகல் 3.35-க்கு எல்லாம் முடிந்தது. மூளையில் ரத்தக் கசிவு. வயது 63. ஓவியம் பாதியிலேயே நின்றுபோனது.

யாரும் எதிர்பார்க்கவில்லை என்றார் ஜனாதிபதியின் பிரதான மருத்துவர் மக்கின்டயர். (அவர் காது, மூக்கு, தொண்டை நிபுணர்!) நிஜமாகவே எதிர்பாராததா? 1937-லேயே ரூஸ்வெல்ட்டின் பி.பி. 162/98. 1941-ல் 188/105.

'வயசானா பிரஷர் ஏறத்தானே செய்யும்' என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள் இல்லையா? அன்று பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் நம்பினார்கள். இறுகிப்போன ரத்தக் குழாய்களில் ரத்தத்தைத் தள்ள அதிக அழுத்தம் தேவை, அது இயற்கையின் ஏற்பாடு என்பது அவர்கள் வாதம்.

1944 மார்ச்சில், மகள் அன்னா வற்புறுத்தியதால் ஹோவர்ட் புரூன் என்ற இளம் இதய மருத்துவர் ஜனாதிபதியைப் பரிசோதித்து அதிர்ந்துபோனார். பி.பி. 186/108, இதயம் வீங்கியிருந்தது. உப்பைக் குறை, சிகரெட்டைக் குறை, எடையைக் குறை, ஓய்வெடு... இவற்றோடு இதயத்துக்கு ஒரு மருந்தும் கொடுத்தார். ரூஸ்வெல்ட் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் ஒரு விஷயம் புரூனுக்கு ஆச்சரியம். 'எனக்கு என்ன வியாதி? எதற்கு இந்த மருந்து?' என்று அந்த மனிதர் கடைசிவரை கேட்கவே இல்லை! புரூனின் அறிக்கைகள் மக்கின்டயருக்குத்தான் போயின.

கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? சொல்ல முடியாது. பிரஷரைக் குறைக்க நல்ல மாத்திரைகளே அப்போது இல்லை.

1948-ல் அடுத்த ஜனாதிபதி ட்ரூமன், தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் ஓர் ஆய்வு ஆரம்பமானது. 5,209 சாதாரண ஜனங்கள். யாருக்கு இதய நோய் வருகிறது, ஏன் வருகிறது என்று வருஷக்கணக்கில் பரிசோதித்தார்கள். 1957-ல் பதில் கிடைத்தது: உயர் ரத்த அழுத்தம் இயற்கையின் ஏற்பாடு அல்ல, இதய நோய்க்குப் போடும் அஸ்திவாரம்! அடுத்த ஆண்டே பிரஷரைக் குறைக்கும் நல்ல மாத்திரை ஒன்றும் கடைக்கு வந்தது.

பிரஷர் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நாமாகவே மாத்திரையை நிறுத்துவது அதனால்தான் ஆபத்து. உப்பு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்துத்தான்!

அடுத்த முறை டாக்டர் உங்கள் கையில் பட்டையைச் சுற்றும்போது சும்மா இருந்துவிடாதீர்கள். "எவ்வளவு இருக்கு டாக்டர்? நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். உலகப் போரையே நடத்திய ஒரு மனிதர் கேட்காமல் விட்ட கேள்வி அது.